முப்பது விநாடி அவகாசம்
(பழைய மாணவர் சந்திப்பில் பேசியதன் சுருக்கம்)



ஒருமுறை, நண்பனுக்கு மட்டும் எழுத வேண்டிய கிண்டலை, 'எல்லோருக்கும் பதில்' பட்டனை அழுத்தி அனுப்பிவிட்டேன். கிண்டலுக்கு ஆளான மேலதிகாரிக்கும் அது போய்ச் சேர்ந்தது. தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டேன். வீட்டில் சொன்னபோது மகள், "ஏம்ப்பா, அனுப்பினதை நிறுத்த வழி இருக்கே!" என்றாள்.

ஜிமெயிலில் அந்த வசதி 2015-லேயே நிலையாக வந்துவிட்டது. முதலில் இருப்பது 5 விநாடிதான். கணினியில் அமைப்புகளுக்குப் போய் 30 ஆக்கிக்கொள்ளலாம். கடிதம் போய்விட்டுத் திரும்புகிறது என்று நினைக்காதீர்கள். அதுவரை புறப்படாமல் நிற்கிறது, அவ்வளவுதான். இன்னொரு பழக்கமும் சொல்கிறேன்: கடிதத்தை முழுக்க எழுதி முடித்த பிறகே முகவரி போடுங்கள்.

மானம் போனால் மன்னிப்புக் கேட்கலாம். உயிர் விஷயம் அப்படியில்லை. நாம் வழியில் மயங்கி விழுந்தால், பூட்டிய போனிலிருந்து யார் வீட்டுக்குச் சொல்வது? ஐபோனில் 'ஹெல்த்' செயலியின் மெடிக்கல் ஐடியிலும், ஆண்ட்ராய்டில் அவசரகாலத் தகவல் பகுதியிலும் ரத்த வகை, ஒவ்வாத மருந்து, வீட்டார் எண் மூன்றையும் எழுதி வையுங்கள். 'பூட்டியிருக்கும்போதும் காட்டு' என்பதையும் போட்டுவிடுங்கள். அதை மறந்தால் எழுதியும் பயனில்லை.

தம்பி தங்கைகளே, பந்திக்கு இன்னும் நேரமிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஆசிரியரின் போனில் இதை இப்போதே அவரோடு உட்கார்ந்து செய்து கொடுங்களேன்.