பெங்கால் என்னும் ரோந்துக் கப்பல்



தந்திரக்காரன் ஒருவனைக் கண்டால், "அவன் பெரிய எம்டன் அல்லவா!" என்று நம் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிச் சென்ற ஜெர்மானியக் கப்பலின் பெயர் அது. அவ்வாண்டே நவம்பர் 9-ஆம் நாள், இந்து மகாசமுத்திரத்தில் உள்ள கோகோஸ் தீவுகளின் அருகே 'சிட்னி' என்னும் ஆஸ்திரேலியக் கப்பல் எம்டனின் ஆட்டத்தை முடித்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, அதே தீவுகளுக்குத் தென்மேற்கே வெகு தூரத்தில் மற்றொரு சண்டை நடந்தது. இன்று நான் சொல்ல வந்தது அந்தச் சண்டையைப் பற்றித்தான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியனாக இருந்தவன் நான். இந்தக் கதையைப் பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் அதனைச் சொன்ன விதத்தில் ஒரு பிழை இருந்தது. அதைத் திருத்துவதற்கும் இந்தப் பேச்சை ஒரு வாய்ப்பாகக் கொள்கிறேன்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது இந்தியக் கப்பற்படைக்கென ஆஸ்திரேலியாவில் நான்கு சிறு கப்பல்கள் கட்டப்பட்டன. பெங்கால், பம்பாய், மதராஸ், பஞ்சாப் என்று அவற்றிற்குப் பெயரிட்டனர். கடலில் எதிரி விதைத்த கண்ணிவெடிகளை அகற்றுவதும், வணிகக் கப்பல்களுக்குத் துணையாகச் செல்வதும், ரோந்து சுற்றுவதும் அவற்றின் தொழில். பெங்காலின் எடை சுமார் 650 டன். வேகம் மணிக்கு 15 கடல் மைல். நான்கு அங்குலப் பீரங்கி வைக்கவேண்டிய மேடையில், அது கிடைக்காமையால், பன்னிரண்டு பவுண்டுப் பீரங்கி ஒன்றை ஏற்றி அனுப்பினார்கள். அதற்கும் குண்டுகள் நாற்பதே இருந்தன. புதிய கப்பலை வேலைக்கு அனுப்பும் முறை இதுதானா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் யுத்த காலத்தில் எவருக்கும் எதுவும் போதுமான அளவு கிடைக்கவில்லை.

1942-ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் பெங்கால் பிரிமாண்டில் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. 'ஒண்டினா' என்ற டச்சு எண்ணெய்க் கப்பலை டீகோ கார்சியா தீவுவரை காத்துச் செல்லவேண்டும் என்பது கட்டளை. பெங்காலின் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் வில்லியம் ஜோசப் வில்சன். மாலுமிகளிற் பெரும்பாலோர் இந்தியர். நவம்பர் 11-ஆம் நாள் நண்பகலுக்குச் சற்று முன்னர், அடிவானத்தில் ஒரு கப்பல் தென்பட்டது. அதன்பின் மற்றொன்றும் தென்பட்டது. இரண்டும் ஜப்பானியக் கப்பல்கள். ஹோகொகு மாரு, ஐகொகு மாரு என்பன அவற்றின் பெயர்கள். ஒவ்வொன்றும் பதினாயிரம் டன்னுக்கு மேற்பட்டது. பயணிகளை ஏற்றிச் செல்வதற்கென்று கட்டப்பட்டு, பின்னர் வணிகக் கப்பல்களை வேட்டையாடுவதற்காக ஆயுதம் பூட்டப்பட்டது.

இவ்விடத்தில் வகுப்பில் நான் கரும்பலகையை நாடுவது வழக்கம். பெங்காலின் குண்டு ஒன்று சுமார் 6 கிலோ. ஜப்பானியரின் ஐந்தரை அங்குலப் பீரங்கிக் குண்டு 38 கிலோ. அத்தகைய பீரங்கிகள் அவர்களிடம் பல இருந்தன. அவர்களின் வேகமோ பெங்காலின் வேகத்தினும் அதிகம். ஆகவே ஓடித் தப்பவும் வழியில்லை. ஒண்டினாவைத் தனியே விலகிச் செல்லுமாறு வில்சன் சைகை காட்டிவிட்டு, தம் கப்பலை நேரே பகைவர்மீது திருப்பினார். தொலைவில் நின்றால் சிறு பீரங்கிக்குப் பயனில்லை. நெருங்கினாலோ பெரிய கப்பல் பெரிய இலக்காகிவிடும். அத்துடன், பகைவரின் கவனம் தம்மீது இருக்கும் நேரம் முழுவதும் ஒண்டினாவுக்கு ஆதாயமாகும்.

ஆனால் ஒண்டினா விலகிச் செல்லவில்லை. அதன் தலைவர் வில்லெம் ஹோர்ஸ்மன் அருகிலேயே நின்று போரிட முடிவு செய்தார். பின்தளத்தில் நான்கு அங்குலப் பீரங்கி ஒன்றும் முப்பத்திரண்டு குண்டுகளும் அவரிடம் இருந்தன. இரு கப்பல்களும் சுட்டன. சிறிது நேரத்தில் ஹோகொகு மாருவில் தீப்பற்றியது. பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. கப்பல் கடலில் மூழ்கியது. அதில் இருந்தோரில் 76 பேர் மாண்டனர்.

"அதனைப் பெங்கால் மூழ்கடித்தது," என்று நான் மாணவர்களிடம் சொல்லி வந்தேன். நம்முடைய மாலுமிகளின் கதையல்லவா! ஒருநாள் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, ஆறு கிலோ குண்டா, பதினாலு கிலோ குண்டா? ஒண்டினாவின் குண்டு பதினாலு கிலோ என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?" என்று கேட்டான். என் கணக்கைக் கொண்டே என்னை மடக்கினான். அன்று நான் மழுப்பிப் பாடத்தை முடித்துவிட்டேன். உண்மை இதுதான்: சண்டைக்குப் பின் பெங்காலுக்கே பெருமை என்றனர் சிலர், ஒண்டினாவின் குண்டே தைத்தது என்றனர் டச்சுக்காரர். பிற்கால ஆய்வாளர்களிற் பலர் ஒண்டினாவின் பக்கமே சாய்ந்துள்ளனர். எனக்கும் இப்போது அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. அப்படியானால் பெங்கால் செய்தது என்ன? முதலில் திரும்பிப் பாய்ந்தது பெங்கால்தான். பகைவரின் குண்டுகள் அதன்மீதும் பிரிந்து விழுந்தன; அந்தப் பிரிவு இல்லையேல் ஒண்டினாவின் பீரங்கிக்கு அத்தனை அவகாசம் கிடைத்திராது.

குண்டுகள் தீரும் நிலையில், பின்புறம் அடிபட்டுத் தீப்பிடித்த பெங்கால், புகையின் மறைவில் விலகியது. ஒண்டினாவின் கதி என்னவாயிற்று என்று அறியாமலே அது டீகோ கார்சியாவை அடைந்தது. அதில் ஓர் உயிர்ச்சேதமும் இல்லை.

ஒண்டினாவுக்கு நேர்ந்தது கொடியது. குண்டுகள் தீர்ந்ததும் மாலுமிகள் படகுகளில் இறங்கினர். ஐகொகு மாரு அருகே வந்து டார்பிடோக்களால் கப்பலைத் தாக்கிற்று; படகுகளில் இருந்தோரையும் எந்திரத் துப்பாக்கியால் சுட்டது. தலைவர் ஹோர்ஸ்மன் அன்றே உயிரிழந்தார். பின்னர் ஐகொகு மாரு தன் துணைக் கப்பலின் மாலுமிகளை மீட்டுக்கொண்டு சென்றுவிட்டது. அடிபட்ட ஒண்டினாவோ மூழ்கவில்லை. காலியான எண்ணெய்த் தொட்டிகள் அதைத் தாங்கி நின்றன. எஞ்சியவர்கள் மீண்டும் அதில் ஏறி, தீயணைத்து, இயந்திரங்களை இயக்கி, ஒரு வாரத்தில் பிரிமாண்டிலுக்கே திரும்பினார்கள்.

வில்சனுக்கு உயரிய விருது கிடைத்தது; இந்திய மாலுமிகள் சிலரும் பதக்கம் பெற்றனர். ஐகொகு மாரு 1944 பிப்ரவரியில் டிரக் தீவுக்கருகே அமெரிக்க விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. ஒண்டினா 1959-லும், குடியரசுக்குப் பின் இந்தியக் கப்பற்படையில் தொடர்ந்த பெங்கால் 1960-லும் உடைக்கப்பட்டன.

அந்த மாணவனின் முகம் எனக்கு நினைவிருக்கிறது, பெயர் நினைவில்லை. இந்த ஒலிபரப்பை அவன் கேட்டுக்கொண்டிருந்தால், அன்று அவன் கணக்குச் சரியென்று இன்று ஒப்புக்கொள்கிறேன்.