முதுமையும் பேச்சுத் துணையும்



நம் ஆஸ்டின் டவுன் மக்கள் தமிழோடு கன்னடமும் பேசி வாழ்பவர்கள். இப்பழக்கம் வீண் போகவில்லை. ஐதராபாத்தில் மறதி நோயுற்ற 648 பேரை ஆராய்ந்த டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர், இருமொழி பேசுவோர்க்கு அந்நோய் சுமார் நாலரை ஆண்டு பிந்தியே தோன்றியதென 2013-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எழுத்தறியாதாரிடத்தும் அப்பயன் காணப்பட்டதாம்!

ஆனால், முதுமையில் ஊரைவிட்டு மகன் இல்லம் வந்த தாயின் நிலை யாது? கன்னடம் அறியார். பிள்ளைகள் அலுவலகம் சென்றபின் சுவரே துணை. சில திங்களில் உணவு சுருங்குகிறது, உறக்கம் கெடுகிறது, அடுப்பை அணைக்க மறக்கிறார். "வயதாகிவிட்டது" என்று நாம் வாளாவிருந்து விடுகிறோம். குற்றம் நம்முடையதே. மனச்சோர்வும் மறதி நோய்போல் வேடம் பூணும். அதுவோ சிகிச்சையால் தீரக்கூடியது. காது மந்தமும் இவ்வாறே நம்மை ஏமாற்றும். பிரித்தறிந்து சொல்ல ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. முதியோர் உதவிக்கு 14567 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு.

சங்கத்திற்கு நம் வேண்டுகோள் ஒன்றே. பிற்பகல் வேளையை முதியோர்க்கென ஒதுக்குவோம். நாளிதழை உரக்கப் படிக்க ஓர் இளைஞர், கன்னடம் பழக்க அண்டை வீட்டு அம்மையார் ஒருவர், இருவர் போதும். காப்பிச் செலவைச் சங்கம் ஏற்கட்டும். வர விரும்புவோர் பெயரைச் செயலாளரிடம் இன்றே தரலாம்.