சாதுவான வைரஸ்

தாம்பரத்திலிருந்து கடற்கரை ரயிலில் போகிறவர்களுக்குச் சேத்துப்பட்டு தெரியும். அங்குள்ள காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் 2006-ல் ஓர் எய்ட்ஸ் தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. ஆரோக்கியமான 32 பேர் தாமாக முன்வந்து சேர்ந்தார்கள். எவ்வளவு பெரிய மனசு!

அந்த மருந்தில் இருந்தது, அம்மை குத்தப் பயன்பட்ட வைரஸின் சாதுவான வாரிசு. பெயர் எம்.வி.ஏ. ஜெர்மனியில் ஆன்டன் மாயர் அதைக் கோழிக்கரு செல்களில் 500 தடவைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்தார். அதில் பல மரபணுக்களை அது இழந்துவிட்டது. மனித செல்லுக்குள் நுழையும், ஆனால் பெருகாது. அதன்மேல்தான் எச்.ஐ.வி.யின் சில மரபணுக்களை ஏற்றியிருந்தார்கள்.

இதே வாகனத்தில் புற்றுநோயின் அடையாளத்தையும் ஏற்றலாம். புற்றுநோய் நம் சொந்த செல்லிலிருந்தே முளைப்பது. உடலின் காவல்படை பல நேரம் அதைக் கண்டுகொள்வதில்லை. டென்ட்ரிடிக் செல்கள் என்று கிளை பரப்பிய செல்கள் நமக்குள் உண்டு. எதிரியின் அங்க அடையாளத்தை டி செல்கள் என்ற காவலர்களுக்குக் காட்டுவது இவற்றின் வேலை. புற்றுநோயின் அடையாளப் புரதத்துக்கான மரபணுவை வைரஸ் இவற்றிடம் கொண்டு சேர்த்தால், இவையே அந்தப் புரதத்தைத் தயாரித்துக் காட்டும்.

அடையாறு புற்றுநோய் நிலையத்தார் வேறு வழியில் போனார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பெண்களின் ரத்தத்திலிருந்தே டென்ட்ரிடிக் செல்களை வளர்த்து, கட்டியின் சாரத்தை ஊட்டி, திரும்பச் செலுத்திப் பார்த்தார்கள். 2014-ல் ஆய்வு வெளியானது. ஆளுக்கு ஆள் தனியாகச் செய்யவேண்டிய வேலை அது. வைரஸ் வழி கைகூடினால், ஒரே மருந்தைப் பலருக்கும் போடலாம்.