வந்தவர்க்கு ஆங்கிலம் வேண்டுமா?

(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



 

"குடியேறுவோர் ஆங்கிலம் கற்றே ஆகவேண்டுமா?" என்பது எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. செயலாளர் தொலைபேசியில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மண்டபத்தில் பாதிப்பேர் குடியேறியவர்கள். மீதிப்பேர் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இதில் யார் யாரைப் பார்த்துக் கேட்பது?

ஆனாலும் கேள்வி சும்மா எழுந்ததல்ல. 2023 பிப்ரவரியில், குடியுரிமைக்கும் நிரந்தரவாசத்துக்கும் விண்ணப்பிப்பவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு வைக்கலாமே என்று அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பிரித்தம் சிங் நாடாளுமன்றத்தில் பேசினார். அடுத்த சில வாரங்களுக்குக் காப்பிக்கடை மேசைகளில் அதே பேச்சுதான். வேண்டும் என்று சொன்னவர்களில் நம்மவர்களும் உண்டு. தம் அத்தா எந்தத் தேர்வை எழுதிவிட்டுக் கப்பலேறினார் என்பது அவர்களுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை போலும்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் அரசமைப்பின் 123ஆம் பிரிவு, பதிவு செய்து குடியுரிமை பெற விரும்புபவருக்கு மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றில் அடிப்படை அறிவு இருந்தால் போதும் என்கிறது. வயது 45 ஆகிவிட்டால் அதற்கும் அரசாங்கம் விலக்குத் தரலாம். மலேசியாவில் அப்படியில்லை. அங்கே 19ஆம் பிரிவு மலாய்மொழி அறிவைக் கேட்கிறது. பிரிட்டனில் ஆங்கிலம் கேட்கிறார்கள், ஆனால் வெல்ஷ் மொழியோ ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியோ தெரிந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். நம் நாட்டுச் சட்டம் தமிழையும் வாசல் திறக்கும் சாவிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. இதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதே இல்லை.

வாசலுக்கு அது போதும். வாசலைத் தாண்டிய பிறகு? இதற்கு என் தாயாரின் கதையைச் சொன்னால்தான் சரிவரும்.

என் தாயார் 1959இல் கடையநல்லூரிலிருந்து தஞ்சோங் பகாருக்கு வந்தார். எழுதப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். ஓதத் தெரிந்தது குர்ஆன். ஆனால் ஓராண்டுக்குள் அவருக்கு இன்னொரு மொழி வந்துவிட்டது. வகுப்புக்குப் போய்ப் படித்ததல்ல, சந்தையில் படித்தது. மீன்காரச் சீனரிடம் "பெராப்பா?" என்பார். அவர் விலை சொன்னதும் "போலே கூராங்?" என்று பேரத்தில் இறங்குவார். பக்கத்து வீட்டு ஹொக்கியன் அம்மாளும் என் தாயாரும் ஒருவருக்கொருவர் பிரசவம் பார்த்ததும், பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டுக் கடைக்குப் போனதும், சண்டை போட்டதும், சமாதானமானதும் எல்லாமே அந்தச் சந்தை மலாயில்தான். இலக்கணம் கிடையாது, குறையும் கிடையாது.

ஆகவே 'அந்தக் காலத்தவர்கள் இங்குள்ள மொழியைக் கற்கவில்லை' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கற்றார்கள். அன்று இந்த ஊரின் பொதுமொழி எதுவோ அதைக் கற்றார்கள். அதன் பிறகு பொதுமொழியே மாறிவிட்டது. 1987இல் எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தை முதல்மொழியாக்கின. சந்தை மலாய் பேசியவர்கள் மூப்பெய்தினார்கள், கடைக்காரரின் மகன் ஆங்கிலத்தில் விலை சொல்ல ஆரம்பித்தான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 48.3 விழுக்காடு. தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. என் தாயார் இடம் மாறவில்லை. அவர் காலடியில் இருந்த பாய்தான் உருவப்பட்டது. தெருவில் எல்லோரிடமும் வாயாடிக்கொண்டிருந்த மனுஷி, அறுபது வயதில் மின்தூக்கியில் பேசாமல் நிற்கும் மனுஷியாகிவிட்டார்.

அது 2001ஆம் ஆண்டு நோன்பு மாதம். பள்ளி விடுமுறை நேரம். தாயாருக்குச் சர்க்கரை கூடியிருந்தது. எனக்கும் மனைவிக்கும் வேலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. பதினொரு வயது மகனைத் துணைக்குச் சேர்த்து மருந்தகத்துக்கு அனுப்பினோம். இளம் மருத்துவர் புது மாத்திரை எழுதிக்கொடுத்தார். நோன்பு வைப்பதாக இருந்தால் ஸஹருக்குப் பாதி மாத்திரை, நோன்பு திறந்த பிறகு முழு மாத்திரை என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார். மகன் வெளியே வந்து தன் பாட்டியிடம் சொன்னது இவ்வளவுதான்: "நோன்பு வைக்கலாம். மாத்திரை கட்டாயம் சாப்பிடணும்."

மறுநாள் ஸஹருக்கு அவர் முழு மாத்திரை போட்டுக்கொண்டார். அஸர் தொழுகைக்கு உளூ செய்யப் போனவர் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள், ஆம்புலன்ஸ் வந்தது, பிழைத்துக்கொண்டார். அல்ஹம்துலில்லாஹ்.

அன்றிரவு மகனை உட்காரவைத்துக் கேட்டேன். அழுதான். மருத்துவர் சொன்னது அவனுக்கு முழுதாகப் புரிந்திருந்தது. "பாதியா உடைச்சு" என்று சொல்ல அவனுக்குத் தமிழ் வரவில்லை. பக்கத்து அறையில் மலாய்த் தாதி ஒருவர் இருந்தாராம். மலாயில் சொல்லியிருந்தால் பாட்டிக்குப் புரிந்திருக்கும், ஆனால் அது பதினொரு வயதுப் பையனுக்கு எப்படித் தோன்றும்? பாட்டிக்கு ஆங்கிலம் இல்லை என்றுதான் எல்லோரும் பேசினார்கள். பேரனுக்குத் தமிழ் இல்லை என்பதை யாரும் பேசவில்லை. அவனிடம் வீட்டில் ஆங்கிலத்தில் பேசியது யார்? நான்தான். உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்த நான், வேலையில் ஆங்கிலத்துக்குத் தட்டுத் தடுமாறிய நான், மகனுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம் என்று ஆங்கிலத்திலேயே பேசினேன்.

அன்று முதல் என் எண்ணம் இதுதான். ஆங்கிலத்தை ஒருவருடைய தகுதிக்கு அளவுகோலாக வைக்கக்கூடாது. ஆனால் நாம் இங்கே அழைத்துவரும் எவரையும் இன்னொருவர் வாய்வழியாக மட்டுமே வாழும்படி விட்டுவிடவும் கூடாது. மருத்துவரிடமும் முதலாளியிடமும் காவலரிடமும் தம் காரியத்தைத் தாமே சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஆங்கிலம் ஒவ்வொருவருக்கும் வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்கும் கடமை வந்தவரைவிட அழைத்துவந்தவருக்கே அதிகம்.

மார்க்கத்திலும் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. யூதர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்துக்காக அவர்களுடைய எழுத்தைக் கற்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஜைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அவர் அரை மாதத்துக்குள் கற்றுக்கொண்டதாக திர்மிதியில் வருகிறது. தமக்கு வரும் கடிதத்தைப் படிக்க வெளியாரை நம்பியிருக்க வேண்டாம் என்பதே அதன் நோக்கம். அந்நிய மொழி கற்றால் ஈமான் குறைந்துவிடும் என்று அஞ்சிய தலைமுறை ஒன்று நம்மிடையே இருந்தது. அவர்களுக்கு அன்றே யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

இந்தக் கரையில் மொழி கற்பிப்பது நமக்குப் புதிதுமல்ல. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாஹ்வின் வம்சத்தில் தமிழும் உண்டு. கணக்கு வழக்குக்குத் தமிழ் வேண்டும் என்று சிறுவயதில் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார்கள். மலாக்கா கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு மலாய் கற்பித்ததால் 'முன்ஷி' என்ற பெயர் நிலைத்தது. பிறகு ஆங்கிலேயருக்கும் கற்பித்தார். அன்று வந்து இறங்கிய வெள்ளைக்காரர்கள் மலாய் படித்தார்கள், சொல்லிக்கொடுத்தவர் நம்மில் ஒருவர்.

இன்று வருபவர்கள் யார்? ராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வேலை அனுமதியில் வரும் தம்பிமார்கள். 2016 ஏப்ரலிலிருந்து சம்பள விவரச் சீட்டு கொடுப்பது சட்டப்படி கட்டாயம். நல்ல சட்டம். ஆனால் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் அந்தச் சீட்டை நீட்டி, "இதுல எதுக்கு அண்ணே பிடிச்சிருக்காங்க?" என்று கேட்கும் தம்பிக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல் தெரியாமல் போனதால் மூன்று மாதப் பிடித்தம் கண்ணில் படவில்லை. அப்புறம் நம் வீட்டு மருமகள்கள். ஊரில் பட்டப்படிப்பு முடித்த பெண்கள் இங்கே பன்னிரண்டாம் மாடியில், கணவர் வீடு திரும்பும்வரை வாய் திறக்காமல் இருக்கிறார்கள். "அவளுக்கு எதுக்கு இங்கிலீஷ், நான்தான் இருக்கேனே" என்று கணவர் சொல்கிறார். நீங்கள் இல்லாத நேரத்தில் என்ன செய்வார்? உங்களைப் பற்றியே ஒரு முறையீடு இருந்தால் யார் வழியாகச் சொல்வார்? இதைக் கேட்டு முன்வரிசையில் சிலர் நெளிவது தெரிகிறது. பரவாயில்லை.

நம் சங்கம் முன்பு ஒருமுறை ஆங்கில வகுப்பு நடத்தி நாலு மாதத்தில் மூடியது. "ஆர்வமில்லை" என்று அறிக்கையில் எழுதினோம். வகுப்பு வைத்தது வாரநாள் இரவு எட்டு மணிக்கு. அந்த நேரத்தில் எந்தத் தாய் அடுப்பையும் பிள்ளையையும் விட்டுவிட்டு வருவார்? எந்தத் தம்பி துவாஸ் விடுதியிலிருந்து வந்து, திரும்பிப்போய், மறுநாள் விடியலில் லாரி ஏறுவார்? ஆர்வம் இல்லாமல் போனது நமக்குத்தான்.

மேல்மாடி அறை ஞாயிறு காலைகளில் பூட்டியே கிடக்கிறது. அதைத் திறந்தால் போதும். பெரிய பாடத்திட்டம் வேண்டாம். மருந்துச் சீட்டு, சம்பளச் சீட்டு, பள்ளியிலிருந்து வரும் கடிதம், அவசரத்துக்கு 995ஐ அழைத்து முகவரி சொல்வது, இவை முதலில் வரட்டும். பக்கத்து அறையில் பிள்ளைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு அதே நேரத்தில் தமிழில் பேச்சுப் பழக்கம் கொடுக்கலாம். மருத்துவர் சொல்வதைப் பாட்டியிடம் சொல்லும் அளவுக்காவது.

என் மகன் இப்போது வளர்ந்துவிட்டான். அந்த ஞாயிறு வகுப்பில் மருந்துச் சீட்டுப் பாடத்தைத் தான் எடுப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறான். செயலாளர் அவர்களே, அறைச் சாவியை இன்று மண்டபத்தைப் பூட்டுவதற்கு முன் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.