வீட்டுத் தொட்டியில் திருக்கை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



திருக்கை என்றவுடன் நம்மவருள் பலருக்குக் குழம்புச் சட்டி நினைவுக்கு வரும். வயது முதிர்ந்தோர்க்குத் திருக்கைவால் சாட்டையும் நினைவுக்கு வரலாம். இப்பொழுதோ நம் குகட்பள்ளி இளைஞர் சிலர் அதனை வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க விரும்புகின்றனர். எங்கள் இல்லத்தில் நான்கு ஆண்டுகளாக ஒன்று வளர்ந்து வருவதால், அதுபற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் பணித்தனர்.

கடைகளில் விற்பது நம் கடல் திருக்கை அன்று. தென் அமெரிக்காவின் அமேசான், பரானா முதலிய ஆறுகளில் வாழும் நன்னீர் இனம். 'மோட்டோரோ' எனப்படுவது அவற்றுள் ஒன்று. வாங்கும்போது உள்ளங்கை அளவே இருக்கும். வளர்ந்தபின், வால் நீங்கலாகவே, ஒன்றரை அடி அகலத்திற்கு மேல் விரியும். ஆகவே ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள தொட்டியேனும் வேண்டும். தரையோடு தரையாய் ஊரும் உயிர் அது. உயரத்தைக் குறைத்தாலும் தரைப்பரப்பைக் குறைத்தல் ஆகாது.

அத்தொட்டி கொள்ளும் நீர் ஏறத்தாழ ஆயிரம் லிட்டர். அதாவது ஆயிரம் கிலோ. கண்ணாடியும் மணலும் இதில் அடங்கா. சரக்கு வண்டி ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது தாங்கும் எடையை எழுதி வைப்பது எங்கள் புகைவண்டித் துறையின் வழக்கம். நம் வீட்டுத் தளங்களில் அவ்வாறு எவரும் எழுதி வைப்பதில்லை. குடியிருப்பு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமைக்கு வகுப்பது இந்தியத் தரவிதி. மேற்சொன்ன தொட்டியோ தன் அடியில் அதனினும் மும்மடங்கு அழுத்தும். மாடிக் குடித்தனக்காரர் மீன் கடைக்குச் செல்லுமுன் கட்டடப் பொறியாளரைக் காண்பது நன்று. நாங்கள் கீழ்த்தளத்தில் இருப்பதனாலேயே இதில் இறங்கினோம்.

மஞ்சீரா நீராயினும் கோதாவரி நீராயினும், குழாயில் வருவது குளோரின் கலந்தே வருகிறது. அதனை முறிக்கும் மருந்திடாமல் ஒரு குடமும் ஊற்றலாகாது. இறாலும் மண்புழுவும் தின்னும் இவ்வுயிர் மிகுதியாகக் கழிக்கும். கழிவில் எழும் அம்மோனியா அதற்கே நஞ்சு. தொட்டியையும் வடிகட்டியையும் ஒரு மாதத்திற்கு மேல் பக்குவப்படுத்தி, அம்மோனியா இல்லையெனச் சோதித்த பின்னரே மீனை விடவேண்டும். மணல் மென்மையாயிருத்தல் அவசியம். மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் வைத்தால் அதற்குக் கூண்டு போடுக. அதன்மீதே படுத்து வயிற்றைச் சுட்டுக்கொள்ளும் அப்பாவி இது. செம்பு கலந்த மீன் மருந்துகள் இதற்கு ஆகா. மின்சாரம் தடைப்பட்டால் காற்றூட்ட, பேட்டரியால் இயங்கும் பம்பு ஒன்றும் வேண்டும்.

இனி, முள்ளைப் பற்றி. வாலின்மேல் அரம்போன்ற பற்களுடன் நச்சு முள் ஒன்றுண்டு. கடலோர மீனவர் வலையில் திருக்கை பட்டால் முதலில் அதனையே ஒடித்தெறிவர். வளர்ப்பவர் அவ்வாறு செய்யலாகாது. மீனுக்குப் புண்ணாகும், முள்ளும் மீண்டும் முளைக்கும். திருக்கை தானாகத் துரத்திக் குத்துவதில்லை. மணலில் புதைந்திருக்கும்போது மேலே கை அழுந்தினாலோ, மூலையில் நெருக்கப்பட்டாலோ வாலை வீசும். 2006 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் இர்வின் இறந்தது கடல் திருக்கை மார்பில் குத்தியதால் என்பதை நாம் அறிவோம்.

எங்கள் வீட்டில் இல்லத்தரசியார் ஒரு விதி வகுத்துள்ளார். மீனின் இரு கண்களும் எங்கிருக்கின்றன என்று காணாமல் எவரும் தொட்டியில் கைவிடக்கூடாது. வேறொரு பெரியவர் வீட்டில் இல்லாத வேளையில் விடவே கூடாது. மூடிக்குப் பூட்டும் உண்டு, அடுத்த வீட்டுக் குழந்தைகள் வருவதால். இடம் மாற்றும்போது வலை பயன்படாது, முள் சிக்கிக்கொள்ளும்; அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் நீரோடு சேர்த்தே எடுக்கவேண்டும்.

குத்திவிட்டால், நஞ்சு வெப்பத்தில் சிதையும் தன்மையது. பொறுக்கக்கூடிய வெந்நீரில், ஏறத்தாழ 45 பாகையில், காயத்தை அரைமணி முதல் ஒன்றரை மணி வரை அமிழ்த்துக. சூட்டை நல்ல கையால் பார்த்துக்கொள்க. வலியால் மரத்த கை வெந்துபோனாலும் தெரியாது. கயிற்றால் இறுகக் கட்டற்க. வலி தணிந்தாலும் மருத்துவமனைக்குச் செல்லவே வேண்டும். முள்துண்டு உள்ளே தங்கலாம், சதை அழுகலாம், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம். மார்பு, கழுத்து, வயிறு ஆகியவற்றில் முள் நின்றால் பிடுங்காமல் அப்படியே கொண்டு செல்க.

வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டத்தின்படி அயல்நாட்டு உயிர்கள் சிலவற்றை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும். தாம் வாங்கும் வகை அதில் அடங்குமா என்று வனத்துறையிடம் கேட்டறிதல் நலம்.

வளர்க்க இயலாமற் போனால் நம் ஐ.டி.எல். ஏரியில் கொண்டுபோய் விட்டுவிட எவரும் எண்ணலாகாது. சிங்கப்பூரில் மேல் செலேத்தார் நீர்த்தேக்கத்தில் இவ்வாறு வந்து சேர்ந்த தென் அமெரிக்கத் திருக்கைகள் குட்டி போட்டுப் பெருகிவிட்டன. கரையில் கால் நனைப்போர் நிலையை எண்ணிப் பாருங்கள்! மீன் பெரிதானால் திரும்ப எடுத்துக்கொள்வீரா என்று கடைக்காரரை முன்னரே கேளுங்கள். எங்கள் கடைக்காரர் முதலில் சிரித்தார். பின்னர் ரசீதின் பின்புறத்தில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார்.