அத்தை வீட்டு மாடியும் ஜிஎஸ்டியும்

இந்த எபிசோட் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் எங்க அத்தை வீட்டிலிருந்து ஆரம்பிக்குது.

மாமா இறந்த பிறகு அத்தை தனியா இருக்காங்க. போன வாரம் போன்ல கேட்டாங்க: "மாடியில ரெண்டு ரூம் சும்மா கிடக்கு மருமகனே. ஆடிப்பூரத் தேருக்கு வர்றவங்களுக்கு விடலாம். ஆனா ஆப்ல போட்டா ஜிஎஸ்டி ஆபீசுக்கு அலையணுமோ?"

அலைய வேண்டாம். வருஷ வருமானம் 20 லட்சத்துக்குள்ள இருந்தா அத்தை ஜிஎஸ்டி பதிவு எடுக்கத் தேவையில்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 9(5) பிரிவுப்படி, ஆப் வழியா வரும் புக்கிங்குக்கு வரி கட்டுறது அந்த ஆப்தான். விருந்தாளியிடம் வாங்கிக் கட்டிடும்.

இப்ப பயணிகளுக்கு. ஒரு நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு வரி 12 சதவீதமா இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். 1,500 ரூபாய் அறையில் ரெண்டு ராத்திரி தங்கினா முன்னாடி 360 ரூபாய் வரி, இப்போ 150. அத்தைக்கே நேரா போன் பண்ணினா அந்த 150-ம் கிடையாது. ஆனா ஏதாவது பிரச்சினைன்னா ரீஃபண்ட் கேட்க நடுவுல ஆளும் கிடையாது. எது வேணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

அத்தை கவனிக்க வேண்டியது வேற. வெளிநாட்டு பாஸ்போர்ட்டோட யார் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள்ள அவங்க விவரத்தை ஆன்லைன்ல பதியணும். ஒரே ஒரு ரூம் விட்டாலும் இது உண்டு.

இதுக்கு நடுவுல அத்தை மகன் ஒரு ஐடியா சொன்னான்: "முழு வீட்டையும் விட்டுட்டு அம்மா சென்னைக்கு வந்துடட்டும்." அங்கதான் சிக்கல். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் 1 முதல் 6 அறை வரை விடலாம். ஆனா உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்கணும். அத்தை கிளம்பிட்டா அந்த அங்கீகாரம் கிடைக்காது.

இதைச் சொன்னதும் அத்தை சிரிச்சாங்க. "அப்போ நான் இங்கேயே இருக்கணும்னு கவர்மெண்டே சொல்லுது, அவன்கிட்ட சொல்லிடு!"

அதனால அடுத்த லீவுக்கு ஹோம்ஸ்டேன்னு புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: "வீட்டுக்காரங்க அங்கேயே இருக்காங்களா?" அடுத்த எபிசோடில் சந்திப்போம்.