கடல் தாண்டிய சேமிப்பு



ஈயம் தோண்டிய குழிகளையும் ரயில் பாதையையும் ஒட்டி வளர்ந்த கோலாலம்பூரின் இந்தச் சாலாக் செலாத்தானில், அந்நியக் கம்பெனிகள் பிரிட்டனில் ஏன் மூலதனம் இடுகின்றன என்பதை ஆராயக் கூடியிருக்கிறோம். நம் மண்ணின் ஈயத்தையும் ரப்பரையும் காட்டி லண்டனில் பங்குகளை விற்றுக் கம்பெனி நடத்தியவர்களின் தேசத்திலேயே இன்று நம் நாட்டுப் பணம் முதலாகிறது என்றால், அந்த விசித்திரத்தைப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

1981 செப்டம்பர் 7ஆம் நாள், மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் ஸ்தாபனம் லண்டன் பங்குச் சந்தையில் நான்கு மணி நேரத்துக்குள் இங்கே தோட்டங்கள் வைத்திருந்த பிரிட்டிஷ் கத்ரி கம்பெனியின் அதிகாரத்தைக் கைப்பற்றியது. நம் தோட்டங்களை மீட்பதற்கென்றே அன்று லண்டனுக்குச் சென்றோம். பிறகு சென்றவர்களின் நோக்கம் வேறு. 1996இல் பிரிட்டிஷ் லோட்டஸ் கார் கம்பெனியை வாங்கிய நம் நாட்டுக் கார் கம்பெனி புரோட்டோன், பொறியியல் வித்தையை விலைக்குப் பெறலாமென்று நம்பியது. 2017இல் லோட்டஸின் பெரும்பான்மைப் பங்கு சீனத்து ஜீலி கம்பெனியின் கைக்குப் போய்விட்டபடியால், வித்தை எவ்வளவு நம்மிடம் தங்கியது என்பதைக் கட்டுரையாளர்கள்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு அதிக போதனை தருவது வெசெக்ஸ் நீர்க் கம்பெனியின் விஷயம். அமெரிக்க எரிசக்திக் கம்பெனியான என்ரானின் சாம்ராஜ்யம் சரிந்தபோது அதன் வசமிருந்த இந்தக் கம்பெனியை, 2002இல், கடன் பொறுப்புகளையும் சேர்த்து ஏறத்தாழ 124 கோடி பவுனுக்கு நம் நாட்டு ஒய்.டி.எல். கம்பெனி வாங்கியது. தென்மேற்கு இங்கிலாந்தின் குழாய்த் தண்ணீரில் கோலாலம்பூர் முதலாளிக்கு என்ன கவர்ச்சி என்று கேட்கலாம். அங்கே கட்டணத்தின் வரம்பை ஓர் ஒழுங்குமுறை ஸ்தாபனம் ஐந்தாண்டுக்கொருமுறை நிர்ணயிக்கிறது. ஆகவே பேராசைக்கு இடம் குறைவு, ஆனால் நாளைய வரவை இன்றே ஏறக்குறைய கணக்கிட்டுவிடலாம். தண்ணீர் குடிக்காமல் இருக்கவோ, பக்கத்துக் கம்பெனியின் குழாய்க்கு மாறவோ குடும்பங்களுக்கு வழியில்லை. வழக்கென்று வந்தால், நம் வக்கீல்கள் படித்த அதே சட்ட மரபில் தீர்ப்புக் கிடைக்கிறது. அன்று வெள்ளைக்காரர் இங்கே மண்ணையும் மலிவான கூலியையும் தேடி வந்தனர். நம்மவர் அங்கே தேடிச் சென்றது பெரும்பாலும் ஒழுங்கையே என்பது என் அபிப்பிராயம்.

இதைவிட நமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. 1983இல் அணைந்துபோன லண்டன் பேட்டர்சீ மின்நிலையத்தை, நான்கு புகைபோக்கிகளோடு அந்த இடத்தையும் சேர்த்து, 2012இல் 40 கோடி பவுனுக்கு நம் நாட்டு எஸ்.பி. செத்தியா, சைம் டார்பி, ஊழியர் சேமநிதி வாரியம் ஆகிய மூவரும் வாங்கினர். 2022 அக்டோபரில் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அம்மூவரில் சேமநிதி 1951இல் தோன்றியது. விடியுமுன்னே ரப்பர் மரம் சீவப் போனவரின் சம்பளத்திலும், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தவரின் சம்பளத்திலும் மாதந்தோறும் பிடித்த வெள்ளிகள் பெருகிப் பெருகி, உள்நாட்டுச் சந்தை மட்டும் தாங்க முடியாத நிதியாகிவிட்டன. ஆண்டுதோறும் உறுப்பினருக்கு லாப ஈவு கொடுத்தாக வேண்டிய வாரியம், எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்க முடியாது. கடல் தாண்டத்தான் வேண்டியிருந்தது.

ஆயினும், 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகப் பிரிட்டன் வாக்களித்தபோது, கட்டடத்தில் ஒரு செங்கல்கூட அசையாமலே பவுன் சரிந்தது. அந்நிய நாணயத்தில் முதலிட்டவனுக்கு வாடகைதாரரோடு அந்நாட்டு வாக்காளரும் பங்காளியாகிவிடுகிறார். சட்டத்தையும் நீதிமன்றத்தையும் புகழ்ந்து கட்டுரை எழுதிக்கொண்டு வந்துள்ள நண்பர்கள் இந்தப் பங்காளியை மறந்திருந்தால், பிற்பகல் விவாதத்தில் நான் நினைவூட்டுவேன். இனி, நீர்க் கட்டணத்தைப் பற்றிய முதல் கட்டுரையைப் படிக்குமாறு அதன் ஆசிரியரை அழைக்கிறேன்.